காலில் ரத்த உறைவு, புது மாத்திரையை விட்டு வார்ஃபரினுக்கு மாறச் சொல்கிறார்கள், ஏன்?

கேள்வி:
அக்காவுக்கு இடது கால் திடீரென்று தொடை வரைக்கும் வீங்கி, தோல் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரையிலேயே ரத்தம் உறைந்திருக்கிறது. நீண்ட பயணம், ஆபரேஷன் எதுவும் கிடையாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரையான ரிவராக்சபன் கொடுத்தார்கள். இப்போது ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் மூன்றுமே பாசிட்டிவ், வார்ஃபரினுக்கு மாறுங்கள் என்கிறார்கள். பழைய மருந்துக்கு எதற்குப் போக வேண்டும்?

பதில் 1:
மூன்றும் பாசிட்டிவ் என்றால் டாக்டர் சொல்வது சரிதான். உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி ரத்தத்தை உறையவைத்துக்கொண்டே இருக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற நோய் இது, சிரை மட்டுமல்ல, தமனியிலும் அடைக்கும். இதே மாதிரி மூன்றும் பாசிட்டிவான ஆட்களிடம் இந்த இரண்டு மருந்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. ரிவராக்சபன் எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் கூடுதலாக வந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒன்று கேளுங்கள், ரத்தம் எப்போது எடுத்தார்கள்? ரிவராக்சபன் உடம்பில் இருந்தால் அந்த மூன்றில் ஒன்றான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், மற்ற இரண்டும் அப்படி மாறாது. எப்படியும் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நோய் உறுதி.

பதில் 2:
நான் வார்ஃபரினில்தான் இருக்கிறேன். எரிச்சல் பிடித்த மாத்திரை, இல்லையென்று சொல்ல மாட்டேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் டெஸ்ட் அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை மருந்தின் வேகத்தைக் குறைக்கும், அதற்காகச் சாப்பிடுவதை நிறுத்தத் தேவையில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் வம்பு. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் எதையும் கேட்காமல் போடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். குழந்தைத் திட்டம் இருந்தாலும் முன்பே சொல்ல வேண்டும், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள்.

பதில் 3:
வாய்ப்புண் அடிக்கடி வருமா? கண் சிவந்து வலிக்குமா? பெஷட் நோயிலும் பெரிய சிரைகள் இப்படி அடைக்கும். அதில் சிரைச் சுவரே வீங்கிப் புண்ணாவதுதான் மூலம், அதனால் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துதான் முதல் சிகிச்சை. நுரையீரல் தமனி புடைத்திருந்தால் உறைவு தடுப்பு மருந்தே ஆபத்து, ரத்தக்கசிவு வரும். இந்த மாதிரி நோய்களைப் பார்க்கும் ரூமட்டாலஜிஸ்ட் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

கேட்டவர்:
வாய்ப்புண், கண் தொல்லை இல்லை. ரத்தம் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார்கள், கேட்கிறேன். அப்புறம், நேற்றிலிருந்து படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள், அது மாத்திரையாலா?

பதில் 1:
இல்லை. உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.