புதுப்பிப்பு: பனிப்பகுதியில் கண்ணாடி அறைக்குக் கூரை உத்தரம்

வீட்டுச் சுவரை ஒட்டிய கண்ணாடி அறைக்கு, 3.6 மீட்டர் நீளத்தைத் தாங்க எந்த அளவு மர உத்தரம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து ஒரு குளிர்காலமும் கடந்துவிட்டது.

கைகொடுத்தது, "அகலத்தை விடுங்கள், உயரத்தைக் கூட்டுங்கள்" என்ற யோசனைதான். உத்தரத்தின் அகலத்தை இரட்டித்தால், சுமையில் அது வளையும் அளவு பாதியாகும். உயரத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். 140 மில்லிமீட்டருக்குப் பதில் 190 போட்டதிலேயே வளைவு ஐந்தில் இரண்டு பங்காகிவிட்டது. மரம் உடையாமல் தாங்கினால் மட்டும் போதாது. அது வளைந்தால் கண்ணாடி விரிசல் விடும், ஓரத்து சீல் பிரியும்.

எதிர்பாராதது ஒன்று: வீட்டின் மேல்கூரையிலிருந்து சரியும் பனியும் காற்று ஒதுக்கும் பனியும் சுவரோரம்தான் குவிகின்றன. கட்டமைப்புப் பொறியாளர் அந்தச் சுமையைத் தனியாகக் கணக்கிட்டு, சுவர்ப்பக்கத் தாங்கிகளைப் பலப்படுத்தச் சொன்னார். அப்புறம் மேல்கூரையில் பனித்தடுப்பும் வைத்தோம்.