கபாலியும் அப்பாவின் கச்சாங் பூத்தேயும்

படம் சுமார்தான், ஆனால் நடித்தவர் தூக்கி நிறுத்திவிட்டார் என்று சொல்லத்தக்க படம் எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கணக்கில் அது மலேசியத் தமிழர் கதையைச் சொன்ன ரஜினி படம், கபாலி. 2016 ஜூலை, வெளியான வாரம், கோலாலம்பூரில் ஒரு தியேட்டர், பக்கத்து இருக்கையில் அப்பா.

அப்பா சிலாங்கூரில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை வீடு கட்ட விற்றதும் கோலாலம்பூரில் செந்தூல் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தவர். எம்.ஜி.ஆர். ரசிகர், ரஜினியை நடிகர் என்றே ஒப்புக்கொண்டதில்லை. "நம்ம ஊரு கதையாமே" என்றுதான் கிளம்பினார், சட்டைப் பைக்குள் கச்சாங் பூத்தே என்கிற கடலைப் பொட்டலத்தை ஒளித்துக்கொண்டு.

வந்தவர் சும்மா இருந்தாரா? "இது எந்தத் தோட்டத்துத் தமிழ்? மெட்ராஸ்ல இருந்து நேத்து கப்பல் ஏறி வந்தவன் மாதிரி பேசுறானுங்க." நறுக் நறுக்கென்று கடலை வேறு. சீனத் தொழிலாளிக்குச் சமமாகக் கூலி கேட்டுப் போராடும் பகுதி வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது வந்த வேகத்தில் போய்விட்டது, பிறகு 43 என்கிற ரவுடிக் கும்பல், அதன் தலைவன் டோனி லீ, துப்பாக்கி. அப்பாவின் கோபம் நியாயம்தான். நம் தோட்டக் கதையே ஒரு முழுப் படத்துக்குத் தாங்கும், இயக்குநர் பா. ரஞ்சித்துக்கு அது தெரிந்தும் இருக்கிறது, ஆனால் ரஜினி படம் என்றால் கேங் சண்டையும் வேண்டும் என்று யாரோ சொன்ன மாதிரி இரண்டும் பாதி பாதியாக நிற்கிறது. டோனி லீயாக வந்த வின்ஸ்டன் சாவ் பாவம், வில்லன் என்று கோட் மாட்டி நிறுத்தியதோடு சரி. இரண்டாம் பாதியில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் ரஜினி! அப்போது அவருக்கு 65 வயது. நரைத்த தாடியோடு, 25 வருடம் சிறையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார், மனைவி செத்துவிட்டாள் என்றே நம்பிக்கொண்டு. அந்த வீட்டுக்குள் அவர் நிற்கும்போது பக்கத்தில் நறுக் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன், கடலை உள்ளங்கையிலேயே இருந்தது. அப்புறம் அவள் உயிரோடு இருப்பது தெரிந்து புதுச்சேரிப் பக்கம் தேடிப் போகும்போது அந்த முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரியும், இத்தனை வருடம் கழித்து அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா, பிடிக்குமா என்கிற பயம். 'நெருப்புடா' என்று கத்திக்கொண்டிருந்த பின்வரிசைப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்டைலை மறந்த ரஜினியை நான் சின்ன வயதில் பழைய படங்களில் பார்த்தது.

படம் முடிந்து மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர் வந்ததும் அப்பா மறுபடி ஆரம்பித்தார். தமிழ் சரியில்லை, தோட்டத்தைக் காட்டவில்லை, இழுவை. "சரி, ரஜினி?" என்றேன். "அவன் நடிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குக் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

அன்று இரவே சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் போன் செய்தான். கடைசியில் சுடுகிற சத்தத்தோடு முடித்துவிட்டார்களே, கபாலி செத்தானா இல்லையா என்று கேட்டான். இங்கே வந்த படத்தில் கபாலி போலீசில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள், மலேசியாவுக்கென்று முடிவை மாற்றிய விஷயம் எங்களுக்கு அப்போது தெரியாது. அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவன் சாகலடா. சரணடைஞ்சுட்டான். நான் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் படிச்சேன்."