ஓஎஸ்சி செய்தியில் எண்கள் மாறி வருகின்றன, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. டேப்லெட்டில் உள்ள ஒரு கன்ட்ரோலர் செயலியிலிருந்து, பைத்தானில் நான் எழுதிய சின்த் (ஒலி உருவாக்கும்) நிரலுக்கு வைஃபை வழியாக ஓஎஸ்சி (Open Sound Control, இசைக் கருவிகளும் நிரல்களும் தகவல் பரிமாறும் முறை) செய்திகள் அனுப்புகிறேன். சுர எண், அதிர்வெண் என்று இரண்டு மதிப்புகள் அனுப்பினால் 69, 440.0 என்று சரியாகவே வருகிறது. மூன்றாவதாக ஒலி அளவு 0.8-ஐச் சேர்த்தால் போச்சு! முதல் எண் 1138491392, அடுத்தது 0.8, மூன்றாவது வரவே இல்லை.

அந்தப் பெரிய எண் 440.0-இன் நான்கு பைட்டுகளை (67 220 0 0) முழு எண்ணாகப் படித்தால் கிடைப்பது. ஆக, பைட் வரிசை தலைகீழாகவில்லை, எல்லாமே நான்கு பைட் தள்ளிப் போயிருக்கிறது. வந்த பாக்கெட்டை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன்: 44 105 102 102 (அதாவது ",iff", வரும் மதிப்புகளின் வகையைச் சொல்லும் வகைக் குறி), உடனே 0 0 0 69. வகைக் குறி சரியாக நான்கு எழுத்து என்றால் அதை முடிக்க இன்னும் நான்கு பூஜ்யங்கள் வர வேண்டும் அல்லவா? அவை இல்லை. 69-ஐத்தான் என் நிரல் நிரப்பு பைட்டாக (நீளத்தை நான்கின் மடங்காக்கச் சேர்க்கும் பூஜ்யமாக) எண்ணித் தாண்டிவிடுகிறது.

செயலியின் மூல நிரல் கிடைக்காது, அதனால் வாங்கும் பக்கத்தில்தான் சரிசெய்ய வேண்டும். மீதமுள்ள பைட்டுகளின் நீளத்தை வைத்து நிரப்பு விடுபட்டதா என்று முடிவு செய்தால் போதுமா? சுர எண் 0 ஆக இருந்தால் பூஜ்யங்களைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாதே. அப்புறம், பண்டிலாக (ஒரே பாக்கெட்டில் பல சேர்ந்து) வரும் செய்திகளில் இதை எப்படிக் கையாள்வது? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.