சொந்த வீட்டை நாமே கட்டினால் உரிமம் வேண்டுமா?

கரிசல்காடு:
கோவில்பட்டி பக்கம் அப்பா விட்டுப்போன மனையில் 1,100 சதுர அடிக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்தக்காரர் கிடையாது. ஒரு மேஸ்திரி, மூன்று கொத்தனார், சித்தாள் நாலு பேர், கம்பி கட்டத் தனி ஆள், சாமான் எல்லாம் நானே வாங்கிப் போடுகிறேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறையில்தான் அனுமதி வாங்கினேன். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் மாடியும் என்றால் யாரும் வந்து பார்க்காமலே இணையத்தில் அனுமதி வந்துவிடுகிறது. போன வாரம் எங்கள் ஊர்ப் பொறியாளர் ஒருவர், பதிவுபெற்ற பொறியாளரோ உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரோ இல்லாமல் வீட்டுக்காரன் தானே கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. என் மண், என் காசு, இடிந்தால் என் தலையில்தான் விழும். எங்கள் தாத்தா கட்டிய வீடு இன்னும் நிற்கிறது, அவர் யாரிடம் உரிமம் வாங்கினார்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்.

தளப்பொறியாளர்:
தம்பி, அந்தப் பொறியாளர் சொன்னதுதான் சரி என்று நானும் சொல்வேன், கோபப்பட வேண்டாம். தாத்தா வீடு சுண்ணாம்புக் காரை, தடித்த சுவர், மேலே மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய கட்டைக்குத்துக் கூரை, அதில் ஒரு கம்பிகூட இருந்திருக்காது. நீங்கள் போடுவது கம்பிக் கான்கிரீட். அதில் தப்பு வெளியே தெரியாது, அதுதான் பயம்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு வீட்டில் முன்பக்கம் நாலடி பால்கனி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. அந்த மாதிரித் தளத்துக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவிசை அங்கேதான். கம்பி கட்டியவர் மேலேதான் கட்டியிருந்தார். கம்பியைத் தூக்கி நிறுத்துகிற சேர் மட்டும் வைக்கவில்லை. கான்கிரீட் போடும் அன்று பாண்டு சுமக்கிறவர்கள் அதன்மேலேயே நடந்து நடந்து கம்பி முழுக்கக் கீழே படுத்துவிட்டது. மேலே இரண்டரை அங்குலத்துக்கு வெறும் கான்கிரீட். கான்கிரீட்டைத் தாங்கி நின்ற சென்டரிங் பலகையைப் பிரித்த அன்றே சுவரோரம் நீளமாக விரிசல். வீட்டுக்காரர் நல்ல மனிதர், சிமெண்டில் ஒரு மூட்டைகூடக் குறைக்கவில்லை, மேஸ்திரியும் 20 வருடம் வேலை பார்த்தவர். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை. பால்கனியை இடித்துத்தான் திரும்பப் போட்டார்கள்.

உங்கள் தலையில் மட்டும்தான் விழும் என்கிறீர்கள். அடியில் நிற்கிற சித்தாள் யார்? அந்தப் பெண்ணுக்கும் பிள்ளை இருக்கும்.

வைகைக்கரை:
சார், நீங்கள் சொன்ன பால்கனிக் கதை உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் உரிமம் இருந்தால் அது நடந்திருக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2014 ஜூன் 28 அன்று சென்னை பக்கம் மௌலிவாக்கத்தில் 11 மாடி விழுந்து 61 பேர் செத்தார்களே, அது வீட்டுக்காரன் மேஸ்திரியை வைத்துக் கட்டிய வீடா? திட்ட அனுமதி பெற்றுக் கட்டிய அடுக்குமாடி அது.

நான் மதுரையில் 2017இல் வீடு கட்டியபோது வரைபடத்தில் ஒரு பொறியாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இடைத்தரகர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டவரை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை, அவரும் என் மனையைப் பார்த்ததில்லை. பணம் மட்டும் போனது. நாளைக்கு உரிமம் கட்டாயம் என்று வந்தால் இதே கையெழுத்து இன்னும் விலை ஏறும், வேறு என்ன நடக்கும்? ஆறு லட்சத்தில் இரண்டு அறை கட்டுகிற கூலி வேலை செய்பவர் அந்தச் செலவுக்கு எங்கே போவார்? அவர் ஓலைக் குடிசையிலேயே இருக்கட்டும் என்பதா? நான் கேட்பது கோபத்தில் இல்லை, பதில் வேண்டும்.

ஒயர்மேன்மகன்:
ஒரு விஷயம் எல்லாரும் மறக்கிறீர்கள். வீட்டில் ஒரு வேலைக்கு ஏற்கெனவே உரிமம் கட்டாயம், அது மின்வேலை. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது மாதிரி சில்லறை வேலைக்கு மட்டும்தான் விலக்கு. மற்றபடி புது ஒயரிங் என்றால் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் கூட நிற்க வேண்டும். சொந்த வீடு என்றாலும் அதே விதிதான், என் வீடு நான் இழுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது.

எங்கள் அப்பா ஒயர்மேன். பூமி இணைப்புக் கம்பியைப் பெட்டிக்குள் சும்மா சுருட்டி வைத்துவிட்டு மேலே மூடி போட்டுவிட்ட வீடுகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். மூடியைக் கழற்றும்வரை வீட்டுக்காரருக்குத் தெரியாது. கரண்டுக்கு ஒரு நியாயம், கான்கிரீட்டுக்கு ஒரு நியாயமா என்பதுதான் என் கேள்வி. வைகைக்கரை அக்கா சொல்கிற கையெழுத்து வியாபாரம் இதிலும் உண்டு, மறைக்கவில்லை. அதற்காக விதியையே எடுத்துவிட்டால் எத்தனை பேருக்கு ஷாக் அடிக்கும்?

கரிசல்காடு:
கரண்டு வேலைக்கு நானும் உரிமம் உள்ளவரைத்தான் பேசி வைத்திருக்கிறேன், அதில் தகராறு இல்லை. ஆனால் சுவர் கட்டுவதும் ஒயர் இழுப்பதும் ஒன்றா?

தளப்பொறியாளர் சார், நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை தளத்தில் நிற்கிறேன். ஒப்பந்தக்காரர் இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவை பைக்கில் வந்து போவார். மணலில் மண் கலந்திருந்தால் திருப்பி அனுப்புவது நான், செங்கல்லைத் தண்ணீரில் நனைக்கச் சொல்வது நான், கலவையில் தண்ணீரை அள்ளி ஊற்றும்போது சண்டை போடுவதும் நான். சொந்த வீட்டின்மேல் இருக்கிற அக்கறை எந்த உரிமத்தில் வரும்?

தளப்பொறியாளர்:
உங்கள் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. நீங்கள் சொன்ன மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற தப்பு. கரிசல் மண் என்று பெயரிலேயே இருக்கிறதே, அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டினீர்கள்?

கரிசல்காடு:
நாலரை அடி. மேஸ்திரி போதும் என்றார். பக்கத்து வீடுகளும் அப்படித்தான்.

தளப்பொறியாளர்:
அந்தப் பக்கத்து வீடுகளின் ஜன்னல் மூலையில் சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். கரிசல் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும், சித்திரையில் உங்கள் காட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடித்திருக்குமே. ஈரம் கூடிக்குறைகிற அந்த அடுக்கில் அஸ்திவாரம் உட்கார்ந்தால் வருடா வருடம் வீட்டைத் தூக்கித் தூக்கி இறக்கும். அதனால்தான் ஆழமான கரிசலுக்கு அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தூணை, அதாவது அண்டர் ரீம்டு பைலை, மண்ணுக்குள் போடுகிறோம், சுமார் மூன்றரை மீட்டர் இறங்கும். கரிசல் அடுக்கு மெல்லிசாக இருந்தால் அதைத் தாண்டிக் கெட்டி மண்வரை தோண்டினாலே போதும். இதில் உங்கள் மனை எது என்று குழி தோண்டிப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அதற்குத்தான் உரிமம் கேட்கிறேன்.

ஃப்ரீமான்ட்வாசி:
நான் கலிபோர்னியாவில் இருக்கிறேன், இங்கே நடப்பதைச் சொன்னால் உதவலாம். இங்கே ஒப்பந்தக்காரர் உரிமச் சட்டம் கடுமையானது, ஆனால் சொந்த வீட்டில் தானே வேலை செய்கிற உரிமையாளருக்கு அந்த உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. கட்டிக் கட்டி விற்பதையே தொழிலாக்கினால் விலக்கு இல்லை. ஆள் வைத்தால் நாமே முதலாளி, விபத்துக் காப்பீடு நம் பொறுப்பு.

ஆளுக்குத்தான் விலக்கு, வேலைக்கு இல்லை. அனுமதி வாங்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் நகராட்சி ஆய்வாளர் வருவார். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை சேர்த்தபோது அஸ்திவாரத்தில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்தார். சுவருக்குள் ஒயர், குழாய் எல்லாம் போட்டபின், பலகை அடித்து மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை. முதல் தடவை ஒரு மூலையில் கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று ஆய்வு அட்டையில் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். சரிசெய்து இரண்டு நாள் கழித்துத்தான் ஊற்றினேன். அவர் நான் யார், என்ன படித்தேன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வைகைக்கரை:
இதைத்தான் சார் நானும் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை. ஆளுக்குச் சீட்டு கொடுப்பதை விட்டுவிட்டு மூடுவதற்கு முன்னால் வந்து பார்க்கட்டும். நம் ஊரில் சுயசான்றிதழ் வீட்டுக்குத் தொடங்கும்போதும் ஆய்வு இல்லை, முடிக்கும்போதும் பணி நிறைவுச் சான்றிதழ் கேட்பதில்லை. அலைச்சல் குறைந்தது, லஞ்சம் குறைந்தது, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் நடுவில் ஒரே ஒரு தடவையாவது வரலாமே.

ஒயர்மேன்மகன்:
வருகிறவர் கை நீட்டினால் என்ன செய்வது அக்கா? ஒரு தடவை வருவதற்கு இவ்வளவு என்று ரேட் வந்துவிடும். அதோடு ஊராட்சிகளில் அத்தனை வீட்டையும் போய்ப் பார்க்க ஆள் எங்கே இருக்கிறது? அதற்கு உரிமம் உள்ளவரைப் பொறுப்பாக்கி, தப்பு நடந்தால் அவர் உரிமத்தைப் பறிப்பதுதான் நடக்கிற காரியம்.

வைகைக்கரை:
பறித்ததை நீங்கள் எத்தனை பார்த்தீர்கள் தம்பி?

கரிசல்காடு:
பக்கத்து வீடு இரண்டையும் போய்ப் பார்த்தேன். ஒன்றில் நிலைக்கு மேலே சாய்வாக விரிசல், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். அந்த அண்ணனிடம் கேட்டேன், மூன்று தடவை அடைத்தாராம், ஒவ்வொரு கோடைக்கும் திரும்ப வருகிறதாம்.

உரிமம் இல்லாமல் கட்டக் கூடாது என்பதை நான் இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் இந்த வீட்டைத் தொடங்கியிருக்கவே மாட்டேன், செலவு தாங்காது. ஆனால் குழியை மூடுவதற்கு முன்னால் யாராவது பார்த்திருக்க வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை. இன்னும் கருங்கல் கட்டு மேலே வரவில்லை. சார், இப்போது என்ன செய்யலாம்?

தளப்பொறியாளர்:
வேலையை நிறுத்துங்கள். குழியின் ஒரு மூலையில் கடப்பாறை போட்டு இன்னும் மூன்று நாலு அடி தோண்டச் சொல்லுங்கள், கருப்பு மண் எங்கே முடிந்து சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கெட்டி மண் தொடங்குகிறது என்று டேப்பால் அளந்து எழுதுங்கள். இரண்டு மூலையிலும் பாருங்கள், ஒரே ஆழம் இருக்காது. அந்த அளவோடு உங்கள் ஊரிலேயே ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளரைக் கூட்டிவந்து நேரில் காட்டுங்கள், படத்தைப் பார்த்து நான் சொல்வது சரிவராது. உரிமம் பற்றி என் கருத்து மாறவில்லை, அதை அப்புறம் பேசிக்கொள்வோம். மழை வருவதற்குள் குழியைப் பார்த்துவிடுங்கள்.