தரைத்தளத்தில் வாகனம் நிறுத்தும் சேலத்துக் குடியிருப்புகள்: பீமை வலுப்படுத்துவதா, தூணையா?

அழகாபுரம் வாசி:
1990களில் கட்டிய எங்கள் குடியிருப்பில் தரைத்தளம் முழுவதும் வாகன நிறுத்தம். அதன் மேல் மூன்று தளங்கள். சில பீம்களில் விரிசல் தெரிகிறது. நில அதிர்வுக்கும் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்லி, எல்லா பீம்களின் அடியிலும் கார்பன் இழைப் பட்டை ஒட்ட ஓர் ஒப்பந்ததாரர் விலைப்புள்ளி தந்திருக்கிறார். சுத்தியல் சோதனையில் கான்கிரீட் நல்ல நிலையில் இருப்பதாகவும் கூறுகிறார். சங்கக் கூட்டத்துக்கு முன் இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அஸ்தம்பட்டி கட்டமைப்பாளர்:
ஐயா, தயவுசெய்து இப்போது ஒப்புதல் தர வேண்டாம். பீமின் அடியில் நடுப்பகுதியில் ஒட்டும் பட்டை, மேலிருந்து வரும் எடையைத் தாங்கத்தான் உதவும். நில அதிர்வில் பீம் வளைந்து சேதப்படுவது தூணோடு சேரும் முனைகளில். அந்த முனைகளையும் சேர்த்து வலுவாக்கிவிட்டுத் தூணை அப்படியே விட்டால், பீமுக்கு முன்பாகத் தூண் உடையும். பீம் உடைந்தால் ஒரு தளத்தில் சேதம். தூண் உடைந்தால் மேலே உள்ள அனைத்தும் இறங்கிவிடும். இதனால்தான் நில அதிர்வைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 13920இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, பீமும் தூணும் கூடும் ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் வளைவுத் தாங்குதிறன் பீம்களுடையதைப் போல் குறைந்தது 1.4 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கட்டடத்தில் மேல்தளங்களை செங்கல் சுவர்கள் விறைப்பாக வைத்திருக்கின்றன. தரைத்தளத்தில் சுவரே இல்லை. அசைவு முழுவதும் அந்தத் தூண்களில்தான் வந்து சேரும். எனவே அந்தத் தூண்களை வலுப்படுத்தி, தரைத்தளத்தில் சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்புவதே வழி.

சூரமங்கலம் ஒப்பந்ததாரர்:
இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மறுக்கிறேன். நில அதிர்வு விசைக்கான தரவிதி ஐ.எஸ். 1893இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் சேலம் நடுத்தர ஆபத்துள்ள மூன்றாம் மண்டலம். மிக அதிக ஆபத்துள்ள ஐந்தாம் மண்டலம் அல்ல. நம் பக்கத்தில் பெரிதாகப் பேசப்படுவது 1900 பிப்ரவரியில் வந்த கோயம்புத்தூர் நில அதிர்வு ஒன்றுதான். நமக்குக் கீழே இருப்பது சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. இங்கே வீடுகளைக் கெடுப்பது கம்பித் துருவும் மொட்டை மாடிக் கசிவும்தான். சந்தேகம் இருந்தால் கான்கிரீட் கட்டுமானத்துக்கான தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் பளுச் சோதனையைச் செய்யட்டும்: பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் வைத்து இறக்கிய பிறகு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் தொய்வில் 75 விழுக்காடாவது மீண்டால் பீம் தேறிவிட்டது. கண்ணால் பார்க்கும் சோதனையை விடவா கணக்கு பெரிது?

அஸ்தம்பட்டி கட்டமைப்பாளர்:
துருவைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. துருவை நீக்காமல் மேலே பட்டை ஒட்டினால் நோயை மூடி வைத்ததாகிவிடும். ஆனால் பளுச் சோதனை கீழ்நோக்கிய சுமையை மட்டுமே சோதிக்கிறது. நில அதிர்வு பக்கவாட்டில் மாறி மாறித் தள்ளுகிறது. ஒரு நொடியில் பீமின் மேற்கம்பி இழுபடும், அடுத்த நொடியில் அடிக்கம்பி. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் (எஸ்.இ.ஆர்.சி.) போன்ற ஆய்வகங்களில் பீம்-தூண் சந்திப்பையோ சுவரையோ தரையில் இறுக்கிக்கொண்டு, ஹைட்ராலிக் விசையால் முன்னும் பின்னும் தள்ளி, நகர்வைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். விசைக்கும் நகர்வுக்கும் வரையும் கோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளையமாகும். வளையம் அகன்றிருந்தால் உறுப்பு அதிர்வின் ஆற்றலை உள்வாங்குகிறது. நடுவில் ஒடுங்கிவிட்டால் கம்பி வழுக்குகிறது அல்லது வெட்டு விரிசல் திறக்கிறது என்று பொருள். பளுச் சோதனைக்காக மணல் மூட்டை அடுக்கி இதை அறிய வழியில்லை.

மண்டலம் பற்றி: 2001 ஜனவரி 26 அன்று புஜ் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் வாகன நிறுத்தத் தளம் கொண்ட குடியிருப்புகள் விழுந்தன. அதே பதிப்பில் அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலமே.

சூரமங்கலம் ஒப்பந்ததாரர்:
அகமதாபாத் சபர்மதி ஆற்றின் வண்டலில் நிற்கும் ஊர். அதைச் சேலத்தோடு சேர்த்துப் பேசுவது நியாயமல்ல.

அஸ்தம்பட்டி கட்டமைப்பாளர்:
வண்டல் அதிர்வைப் பெருக்கியது உண்மைதான். ஆயினும் ஐ.எஸ். 1893இன் அதே 2016 பதிப்பில் அதிர்வு விசையைக் கணக்கிட உதவும் வரைகோட்டைப் பாருங்கள்: அலைவு நேரம், அதாவது கட்டடம் ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி முடிக்கும் நேரம், 0.40 விநாடிக்குள் இருக்கும் கட்டடத்துக்குக் கடும்பாறைக்கும் மென்மண்ணுக்கும் ஒரே மதிப்புதான். செங்கல் சுவர் நிரம்பிய மூன்று நான்கு தளக் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். திருமணிமுத்தாற்றுக் கரையிலும், தூர்ந்த ஏரிகளின் மேலும் எழுந்த வீடுகளுக்குப் பாறை என்ற ஆறுதலும் இல்லை.

ஏற்காடு எஸ்டேட்:
மலைக்காரர்களின் சிக்கலையும் சொல்ல விரும்புகிறேன். சரிவில் கட்டும்போது மேட்டுப்பக்கத் தூண் குட்டையாகவும் பள்ளத்துப் பக்கத் தூண் நெட்டையாகவும் அமைகின்றன. உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே குட்டைத் தூண்தான் பெரும்பங்கு விசையை வாங்கி முதலில் வெடிக்கும். பாறையில் நிற்கிறோம் என்ற நிம்மதி எங்களுக்குப் போதாது. ஆனால் ஐயா, சுவர் எழுப்பச் சொல்வதும் எளிதல்ல. புதுச் சுவர் வாங்கும் விசை அதன் அடித்தளத்தைக் கவிழ்க்கப் பார்க்கும். இங்கே பாறையில் துளையிட்டு நங்கூரமிடலாம். சமவெளியில் தரையைத் தோண்டிப் பழைய அடித்தளத்தைப் பெரிதாக்க வேண்டும். அந்தச் செலவை மறைக்காமல் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி கட்டமைப்பாளர்:
ஏற்கிறேன், அடித்தளம்தான் செலவில் பெரும்பகுதி. அதனால்தான் முதலில் சோதனை என்கிறேன். சுத்தியல் மேற்பரப்பை மட்டுமே அறியும். பழைய கான்கிரீட்டின் தோல், காற்றிலுள்ள கரியமில வாயு ஊடுருவும் கார்பனேற்றத்தால் இறுகி, உள்ளே இருப்பதை விட உயர்ந்த எண்ணைக் காட்டும். குறைந்தது மூன்று இடங்களில் உருளை மாதிரி வெட்டி எடுங்கள்: சராசரி, வடிவமைப்பு வலிமையில் 85 விழுக்காட்டுக்கும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. பிறகு தூணில் வளையக் கம்பிகளின் இடைவெளியை, உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கவர் மீட்டரால் அளந்து, ஓரிரு இடங்களில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கவரை உடைத்து வளையத்தின் கொக்கியைப் பாருங்கள். 135 பாகையில் உள்நோக்கி மடக்கியிருந்தால் நல்லது. 90 பாகையில் நின்றிருந்தால், கவர் உதிர்ந்ததும் வளையம் திறந்து நிலைக்கம்பி பிதுங்கிவிடும். அந்தத் தூண்களைச் சுற்றி கார்பன் இழையைப் போர்த்துங்கள், தூணின் கூர்மூலைகளை உருண்டையாக்கிவிட்டு. பொருளில் எனக்குக் குறையில்லை. ஒட்டும் இடத்தில்தான் குறை.

அழகாபுரம் வாசி:
சுவர் எழுப்புவதானால் எங்கே? கார் நிறுத்தும் இடம் போகுமென்று இப்போதே எதிர்ப்பு இருக்கிறது.

அஸ்தம்பட்டி கட்டமைப்பாளர்:
இரு திசையிலும், எதிரெதிர் ஓரங்களில், சில தூண் இடைவெளிகளில் போதும். ஒரு பக்கம் மட்டும் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். தடிப்பு குறைந்தது 150 மில்லிமீட்டர். சுவர்க் கம்பிகளை எபாக்சிப் பசையால் தூணிலும் மேல் பீமிலும் பொருத்த வேண்டும். மதில் ஓரத்து இடைவெளிகளைத் தேர்ந்தால் வாகனங்கள் நுழையும் வழி தடைபடாது.

சூரமங்கலம் ஒப்பந்ததாரர்:
சோதனை வரை உடன்படுகிறேன். கொக்கி 135ஆக இருந்து, கான்கிரீட்டும் தேறினால், இந்த மண்டலத்தில் சுவருக்காக அடித்தளத்தைத் தோண்டுவதை அப்போதும் எதிர்ப்பேன்.

அஸ்தம்பட்டி கட்டமைப்பாளர்:
கொக்கி சரியாக இருந்தாலும் தரைத்தளம் வெறுமையாகத்தான் இருக்கிறது, நண்பரே. முடிவுகள் வந்ததும் தூண்களின் கணக்கைப் போட்டு இங்கேயே பதிகிறேன். வரி வரியாக மறுத்துச் சொல்லுங்கள்.