புதுப்பிப்பு: ஜிஆர்இ குவான்ட் இரண்டாம் பகுதியில் நேரம் பத்தாத சிக்கல் தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது: 2023 செப்டம்பரில் சுருக்கிய ஜிஆர்இயில் (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு), குவான்ட் எனப்படும் கணக்குப் பிரிவின் இரண்டாம் பகுதியில் கடைசிக் கேள்விகள் தொடாமலே நின்றுவிடுகின்றன, என்ன வழி?

பதில்களில் வந்தவற்றில் கைகொடுத்தது 'இரண்டு சுற்று' யோசனைதான். 15 கேள்விக்கு 26 நிமிடம். ஒன்றுக்கு 104 வினாடி. வழி உடனே பிடிபடாத கேள்வியில் ஏதோ ஒரு விடையைக் குறித்து, 'மார்க்' பட்டனைத் தட்டிவிட்டு நகர வேண்டும். மிச்ச நேரத்தில் 'ரிவ்யூ' திரை வழியாகத் திரும்பி வரலாம். பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே எடை, தப்புக்கு மைனஸ் கிடையாது. கடினம் மாறுவது முதல் பகுதிக்கும் இரண்டாவதற்கும் இடையில் மட்டும். அதனால் தாண்டிப் போவதில் நஷ்டமில்லை. ஆனால் அடுத்த பகுதிக்குப் போய்விட்டால் திரும்ப முடியாது.

பதில்களில் வந்த இன்னொரு யோசனையான ஃபார்முலா மனப்பாடம் நேரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்தவில்லை.

எதிர்பாராதது தேர்வுத் திரையிலேயே வரும் கால்குலேட்டர். அதன் 'டிரான்ஸ்ஃபர் டிஸ்ப்ளே' பட்டன், கால்குலேட்டர் திரையில் உள்ள எண்ணை அப்படியே விடைப்பெட்டியில் போடும். ஒரு தசம இடத்துக்குத் திருத்தச் சொல்லியிருக்கும்போது 16.6666... என்று விட்டால் தப்பு, 16.7 என்று கையால் மாற்ற வேண்டும். பின்ன விடைக்கான இரட்டைப் பெட்டியில் அந்தப் பட்டன் வேலை செய்யாது.