அப்பா மருத்துவமனையில், நாளை இரவு ஊருக்குப் போனால் பாங்காக் விசா என்னாகும்?

காவிரிக்கரை (வெள்ளி, இரவு 9.40)
அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுத் திட்டப்பணிக்காக பாங்காக் வந்து ஐந்து வாரங்கள்தான் ஆகின்றன. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருச்சியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்பதால் நாளை இரவுக்குச் சென்னை விமானத்தில் சீட்டு எடுத்துவிட்டேன். ஆனால் "இப்போது வெளியே போனால் விசா போய்விடும்" என்று அறை நண்பர் சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலுவலகத்தில் இந்த வேலைகளைப் பார்ப்பவர் விடுப்பில் இருக்கிறார். நான் போகலாமா, கூடாதா?

சுகும்வித்காரன் (இரவு 9.55)
தாராளமாகப் போய் வாருங்கள். சென்ற ஆண்டு நான் நான்கு முறை ஊருக்குப் போய் வந்தேன். திரும்பிய ஒவ்வொரு முறையும் புதிதாக 90 நாள் முத்திரை குத்தினார்களே தவிர, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அறை நண்பர்கள் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தயிர்ச்சாதம் (இரவு 10.10)
அப்பா விரைவில் நலமடையட்டும், தம்பி. ஊருக்குப் போவதுதான் போகிறீர்கள், வரும்போது பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு வந்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காய்கறி மட்டும் போட்ட சோறு என்று கேட்டு வாங்கி, பாதி தின்ற பிறகுதான் அதில் மீன் சாறு ஊற்றியிருப்பது மூக்குக்குத் தெரிந்தது. 'நாம் பிளா' என்னும் அந்த மீன் சாறு இல்லாமல் அவர்களுக்குச் சமையலே கிடையாது. மஞ்சள் துணியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு '17' என்று தெரியும் எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். அது 'ஜே' என்னும் அவர்களுடைய சைவ அடையாளம், அங்கே வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள்.

ஓன்நுட் அக்கா (இரவு 10.25)
சுகும்வித்காரன் சொல்வதை நம்பிப் போய்விடாதீர்கள், தம்பி. எனக்கு விசா போனது. வந்த இரண்டாம் மாதம் தங்கையின் வளைகாப்புக்காக மூன்று நாள் சென்னை போய்த் திரும்பியபோது, விமான நிலையத்தில் என்னைச் சுற்றுலாப் பயணியாகத்தான் உள்ளே விட்டார்கள். வேலை விசாவை முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை அலுவலகத்தில் உட்காரவும் முடியவில்லை. ஆளில்லாத வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டு ஊரில் காத்திருந்தேன்.

பழைய குடித்தனக்காரர் (இரவு 10.40)
வாடகை என்றதும் நினைவுக்கு வருகிறது. என் காண்டோ அடுக்குமாடி வீட்டின் உரிமையாளர் இரண்டு மாத முன்பணத்தில், சுவரில் ஆணி அடித்த தழும்புக்கென்று பாதியைப் பிடித்துக்கொண்டார். மின்சாரத்துக்கும் அரசுக் கட்டணத்தைவிட அதிகமாக வாங்கினார். ஐந்தோ அதற்கு மேலோ வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள் இப்படிச் செய்யக் கூடாதென்று 2018இல் விதி வந்தது. ஆனால் ஒற்றை வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. ஓராண்டுக்கு வருபவனை யாருமே மனிதனாகக் கருதுவதில்லை.

தயிர்ச்சாதம் (இரவு 10.50)
உண்மைதான். நம்மவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். சீலோம் மாரியம்மன் கோயிலில் விஜயதசமி ஊர்வலத்தன்று தெருவெல்லாம் சாமந்தியும் மஞ்சளுமாக அடைத்துக்கொண்டு தாய்லாந்து மக்கள் கும்பிடுகிறார்கள். அந்தக் கோயிலை எழுப்பிய தமிழர் வழியில் வந்த நாமோ ஒருவரையொருவர் பார்த்தால் கைப்பேசியைப் பார்க்கிறோம்.

சீலோம்வாசி (இரவு 11.05)
கோயிலையும் ஆணித் தழும்பையும் பிறகு பார்த்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு நாளை விமானம். தம்பி, உங்கள் விசா எந்த வகை, எத்தனை நுழைவு என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. உங்கள் இ-விசாவில் இருப்பது ஒற்றை நுழைவா, பல நுழைவா என்றும், வந்தபோது கடவுச்சீட்டில் குத்திய முத்திரையில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று இருக்கிறதென்றும் பார்த்துச் சொல்லுங்கள். சுகும்வித்காரருடையது பல நுழைவு விசா. அக்காவுடையது ஒற்றை நுழைவு. இருவர் சொன்னதும் அவரவர் அளவில் சரிதான்.

காவிரிக்கரை (இரவு 11.20)
மன்னிக்கவும், ஐயா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். வேலைக்கான நான்-இமிக்ரன்ட் 'பி' விசா. ஒற்றை நுழைவு என்றுதான் இருக்கிறது. செப்டம்பர் 2 அன்று வந்தேன். முத்திரையில் நவம்பர் 30 வரை என்று இருக்கிறது. வொர்க் பர்மிட் இன்னும் கைக்கு வரவில்லை.

சீலோம்வாசி (இரவு 11.45)
அப்படியானால் உங்களுடைய ஒரே நுழைவு வந்தபோதே தீர்ந்துவிட்டது; ரீ-என்ட்ரி பர்மிட் என்னும் மறுநுழைவு அனுமதி எடுக்காமல் நீங்கள் வெளியேறக் கூடாது. எடுத்துவிட்டால் அதே நவம்பர் 30 வரையிலான அனுமதி அப்படியே நிற்கும். சேங் வத்தனா குடிவரவு அலுவலகம் சனிக்கிழமை திறக்காது. ஆனால் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடிந்து, கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை குத்தும் வரிசைக்கு முன்பாக இதற்கென்றே ஒரு மேசை இருக்கிறது. முத்திரை குத்திய பிறகு யாராலும் உதவ முடியாது என்பதால் முதலில் அங்கே போய் நில்லுங்கள். ஒரு முறை போய்வர 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட், ரொக்கமாகவே வைத்திருங்கள். ஒரு புகைப்படமும், கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம், விசா, வருகை முத்திரை ஆகியவற்றின் நகல்களும் இன்றிரவே எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே போவது நல்லது. வொர்க் பர்மிட் நிலுவையில் இருப்பதால், நாளைக் காலையே மேலாளருக்கு நீங்கள் ஊருக்குப் போவதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஓன்நுட் அக்கா (இரவு 11.55)
திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, கேட்கும் தளம் போலி. இறங்கியதும் குடிவரவு மேசையில் ரீ-என்ட்ரி முத்திரை உள்ள பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள். நவம்பர் 30 என்றுதான் குத்தியிருக்கிறார்களா என்று அங்கேயே நின்று பாருங்கள். நான் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காவிரிக்கரை (சனி, இரவு 8.30)
மேசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான்; இருபது நிமிடத்தில் முடிந்தது. முத்திரையில் ஒற்றை நுழைவு, நவம்பர் 30 என்று இருக்கிறது. விமானம் ஏறப்போகிறேன்.

சீலோம்வாசி (இரவு 8.40)
நல்லது. தங்கும் அனுமதிக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்த பிறகு இந்தப் பர்மிட் செல்லாது. அடுத்த பயணத்துக்கு முன் புதிதாக எடுக்க வேண்டும்.